காசு என்றால் காது என்று கேட்கும்

(கோத்தகிரியில் தேயிலைத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இந்தப் பனியிலும் வந்து மேடையை அலங்கரிக்கும் தொழிற்சாலை ஆய்வாளர் அவர்களே, சங்கச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் சால்வை போர்த்தி அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருக்கும் தோழர்களே, கொழுந்து கிள்ளும் தாய்மார்களே, வணக்கம். ஆய்வாளர் ஐயா நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டுமாம். அவர் காதில் விழ வேண்டிய பேச்சு இது. ஆகவே மிஷினின் இரைச்சலும் அதிர்வும் கெடுக்கும் காது, கை, முதுகு என்று மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். நம் ஃபேக்டரிகளில் காது கெட்ட பிறகுதான் பஞ்சு தேடுகிறோம்.

இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. மிஷினின் ரோலர் ஜோடியில் ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 70 சுற்று, மற்றது 700. ரோலர் பல் மழுங்கினாலும், பேரிங்கில் கிரீஸ் வற்றினாலும், மூடியிருக்கும் தகட்டின் போல்ட் தளர்ந்தாலும் இரைச்சல் ஏறும். ஒரு கை நீளத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் 85 டெசிபல் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் தொழிற்சாலை விதி 8 மணி நேரத்துக்கு 90 வரை விடுகிறது. 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பு. ஆகவே 85-க்கும் 90-க்கும் நடுவிலுள்ள அந்த 5 சின்ன வித்தியாசம் இல்லை.

உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் இருக்கின்றன. கவாத்து செய்த தேயிலை துளிர்க்கும். இவை செத்தால் துளிர்க்காது. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கூர்மையான ஒலி. சத்தம் கேட்கும், சொல் புரியாது. வீட்டுக்காரம்மா 'காசு' என்றால் 'காது' என்று கேட்கும். (சிரிக்கிறீர்கள், சில வீட்டில் அது வசதிதான்.) பேரிங்கின் முதல் கிறீச்சும் அந்த வரிசையில்தான் இருக்கிறது. அது காதில் விழாவிட்டால் மிஷினும் கெடும்.

காதில் செருகும் நுரை அடைப்பானை விரலால் மெல்லிசாக உருட்டுங்கள். மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னுமாக இழுத்து, அதைச் செருகி, 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். 8 மணி நேரத்தில் அரைமணி கழற்றி வைத்தாலே, 30 டெசிபல் தடுக்கும் அடைப்பானின் பலன் 12 ஆகிவிடும். பேச்சுக்குக் கழற்றுகிறவர் இதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது கை. 1918 ஜனவரியில், அமெரிக்காவில் இண்டியானாவின் பெட்ஃபோர்டுக்கு ஆலிஸ் ஹாமில்டன் என்ற டாக்டரம்மா போனார். சுண்ணாம்புக்கல் செதுக்குகிறவர்கள் அங்கே காற்றுச் சுத்தியல் பிடிப்பார்கள். குளிர்காலக் காலை. விரல்கள் மெழுகுபோல வெளுத்து மரத்துப் போயிருக்கின்றன. அதுவும் எந்தக் கை? சுத்தியலைப் பிடித்த வலது கையைவிட, உளியைப் பிடித்த இடது கைதான் அதிகம்! அதிர்வு உளி வழியாக வந்து இறங்கியிருக்கிறது. ரத்தக் குழாய் சுருங்குகிறது, குளிர் அதைத் தூண்டுகிறது என்று அந்த அம்மா எழுதி வைத்துவிட்டுப் போனார். தோழர்களே, கேளுங்கள்: 60 வருஷம் கழித்து 1978-ல் அதே ஊருக்கு வேறு ஆய்வாளர்கள் போனார்கள். அதே சுத்தியல், அதே வெள்ளை விரல்! கண் கெட்ட பிறகும் அங்கே சூரிய நமஸ்காரம் நடக்கவில்லை.

கவாத்து மிஷின், இலை வெட்டும் மிஷின் பிடிப்பவர்களே, நம் மார்கழிப் பனியும் குளிர்தான். குழாய்த் தண்ணீரில் கை வைத்ததும் விரல்நுனி வெளுத்தால் மறைக்காதீர்கள். மழுங்கிய பிளேடு, வெடித்த ரப்பர் புஷ், இறுக்கிப் பிடிக்கும் பழக்கம், மூன்றும் அதிர்வைக் கூட்டிக் கைக்குள் அனுப்பும். பிடி தளர்வாக இருக்கட்டும், கை சூடாக இருக்கட்டும், பீடி வேண்டாம். ஐரோப்பிய விதி நடவடிக்கை எடுக்கச் சொல்லும் அதிர்வு அளவு, 8 மணி நேரக் கணக்கில் 2.5 (வினாடி வர்க்கத்துக்கு மீட்டர் என்ற அலகில்). உங்கள் மிஷின் 5 அதிர்ந்தால் 2 மணி நேரத்திலேயே அதைத் தொட்டுவிடுவீர்கள். ஆளை மாற்றிவிடுங்கள்.

முதுகு... ஜீப், டிராக்டர் ஓட்டும் தம்பிகள் மன்னிக்கணும், தலைவர் மணியைப் பார்க்கிறார்.

சட்டம் இல்லாமல் இல்லை. இரைச்சலால் வரும் செவிக்கேடு 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்தது. 1923-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலும் இருந்தது. அவற்றுக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடப்புக்கு வந்த சட்டத் தொகுப்புகளிலும் இருக்கிறது. ஆனால் கேட்கப் போனால், 'வயசாகிவிட்டது, அதனால்' என்பார்கள். சேர்ந்த அன்று காது எப்படி இருந்தது என்ற தாள் யாரிடம் இருக்கிறது? அதனால்தான் இந்த மனு. சேரும்போது ஒரு பரிசோதனை, வருஷம் ஒன்று. விடுமுறை முடிந்த காலையில், குறைந்தது 14 மணி நேரம் சத்தம் படாத காதோடு. களைத்த காதைச் சோதித்தால் கணக்கு பொய் சொல்லும். அந்தத் தாளின் நகல் தொழிலாளி கையில். பாக்கி எல்லாம் பிறகு பார்க்கலாம். மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்து வராதவர்களுக்கு மை டப்பாவும் வைத்திருக்கிறோம்.