டெண்டர் இல்ல, ஜெண்டர்

(போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கொருக்குப்பேட்டைல ஒரு படிப்பு வட்டத்துல பேசினது. பக்கத்து வீட்டுத் தம்பி போன்ல ரெக்கார்ட் பண்ணத கேட்டு நானே டைப் பண்ணிருக்கேன். பேசின மாதிரியே விட்டுட்டேன்.)

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் ஐயா அவர்களே, இந்த ஹாலை வாடகை வாங்காம குடுத்த தலைமை ஆசிரியை அவர்களே, மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, அம்மா கூட வந்து மேடைல தனக்கும் ஒரு சேர் போட்டுக்கிட்ட அவங்க வீட்டுக்காரர் அவர்களே, மைக்செட் தம்பி, டீ குடுத்த அக்கா, யாவாரத்த விட்டுட்டு வந்திருக்கற காசிமேடு ஆளுங்க, முன்வரிசை காலேஜ் புள்ளைங்க, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடை போட்டீங்க, சந்தோஷம், ஆனா என் வீட்டுல இது பதினோராவது, அடுத்த தடவ பொஸ்தகமா குடுங்க.

நோட்டீஸ்ல "முதுகலைப் படிப்பில் பெண்ணியலும் பாலினமும் பாலியல்பும்"னு அடிச்சிருக்காங்க. பெண்ணியல்னா பொம்பளைங்க நெலைமைய ஆராயற படிப்பு, பாலினம்னா ஜெண்டர், அதாவது ஆம்பளை இப்டி பொம்பளை அப்டின்னு சமூகம் வெச்சது, பாலியல்புன்னா யாருக்கு யார் மேல ஈர்ப்புங்கறது. அதுல மூணு விஷயம் சொல்லப்போறேன். இது என்ன படிப்பு, இதுக்கும் இலக்கியம் வரலாறுக்கும் என்ன சம்பந்தம், படிச்சா என்ன வேலை கெடைக்கும். பெத்தவங்க மூணாவதுக்குத்தான் வந்திருக்கீங்கன்னு தெரியும். கடைசில சொல்றேன்.

என்கிட்ட படிச்ச புள்ளைங்களுக்கு நான் எந்தப் பழமொழிய சொல்வேன்னு இப்பவே தெரிஞ்சிருக்கும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். முப்பது வருஷம் தமிழ் டீச்சரா இத சொல்லி பசங்கள திட்டிருக்கேன். ரிட்டயர் ஆகி தொலைநிலைக் கல்வில எம்.ஏ. பெண்ணியல் சேந்தப்பதான் மண்டைல ஏறுச்சு. யாராவது ஒருத்தன் டேப் எடுத்துட்டுப் போயி அந்தக் கூடத்த அளந்து பாத்தானா? நெசமாவே கோணலா இருந்தா? அவ ஆடத் தெரியாதவன்னு சொன்னவன் யாரு, அந்த வூட்டக் கட்டுன மேஸ்திரியா?

அளக்கறதுதாங்க இந்தப் படிப்பு. 1971-ல பெண்கள் நிலை என்னன்னு பாக்க டெல்லில ஒரு கமிட்டி போட்டாங்க, வீணா மஜும்தார் அதுல உறுப்பினர் செயலாளர், 1974-ல ரிப்போர்ட் வந்துச்சு. சுதந்திரம் வந்தாச்சு, சட்டம் போட்டாச்சு, பொம்பளைங்க முன்னேறிட்டாங்கன்னு எல்லாரும் நெனச்சிட்டிருந்த நேரம். சென்சஸ்ல பாத்தா 1901-ல ஆயிரம் ஆம்பளைக்கு 972 பொம்பளை, 1971-ல 930. கூடம் கோணல். அதே 1974-லதான் பம்பாய்ல எஸ்.என்.டி.டி. பெண்கள் யுனிவர்சிட்டில பெண்ணியலுக்குன்னு ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சாங்க. நம்ம பக்கம் கொடைக்கானல்ல அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் ஆரம்பிச்சது 1984.

சரி, இலக்கியத்துக்கு வாங்க. குறிஞ்சிப்பாட்டுல 99 பூ பேரு வரும், அத மனப்பாடம் பண்ணவெச்சு தப்பா சொன்னவங்கள பெஞ்சு மேல ஏத்திருக்கேன். அந்தப் பாட்டு முழுக்க தோழி பேசுறது, செவிலித்தாய்கிட்ட. எழுதுனது யாரு? கபிலரு. ஒரு ஆம்பளை எதுக்கு ஒரு பொண்ணு வாயால பேசணும், அவளுக்காக அவர் பேசுறாரா அவள பேசவெக்கறாரான்னு ஒரு நாள் கூட கிளாஸ்ல கேக்கல. வரலாறும் அப்டித்தான். 1918-ல நம்ம பெரம்பூர் மில்லு ஆளுங்கள வெச்சுத்தான் மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்சாங்க, 1921-ல பின்னி மில்லு ஸ்ட்ரைக்கு மாசக்கணக்கா நடந்துச்சு, அத்தனை மாசமும் அடுப்பு எப்டி எரிஞ்சுது, யாரு தாலிய அடகு வெச்சா? நம்ம புளியந்தோப்பு ஆயாக்கள் ஒப்பாரில இருந்திருக்கும். யாரும் எழுதி வெக்கல.

பாலியல்புன்னு சொன்னதும் ரெண்டு பேர் போனை எடுத்துட்டீங்க. பயப்படாதீங்க. தன்பால் உறவு குற்றம் இல்லன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பர் 6. அதுக்கப்புறமும் பேப்பர்ல கண்டபடிதான் எழுதினாங்க. 2022-ல தமிழ்நாடு அரசு, ஐகோர்ட் சொல்லி, இவங்கள எந்த வார்த்தையால மரியாதையா குறிக்கணும்னு சொற்களஞ்சியம் ஒண்ணு அரசிதழ்ல வெளியிட்டுச்சு. அந்த மாதிரி வார்த்தை பத்தி தமிழ் எம்.ஏ. படிச்சவன் பேசாம வேற யாரு பேசறது?

இப்ப அந்த டெண்டர் கதை. நான் எம்.ஏ. சேந்த புதுசுல எங்க தெருவுக்கு மீன் கொண்டுவர்ற அக்கா, அன்னக்கூடைய எறக்கி வெச்சுட்டு, இன்னா டீச்சர், ரிட்டயர் ஆயிட்டு இன்னா பண்றன்னுச்சு. படிக்கறேங்க்கா, ஜெண்டர்னேன். அது தலைய ஆட்டிக்கிட்டு நெத்திலி அளந்து போட்டுட்டு போயிடுச்சு. மறுநாள் காலைல பாத்தா வாசல்ல ஏழு பொம்பளைங்க. ஏழு கூடை. தெருவே நாறுது, எங்க வூட்டுப் பூனை மட்டும் சந்தோஷமா சுத்துது. எங்க வூட்டுக்காரரு பயந்துட்டு, என்னம்மா கடன் வாங்கினியான்னு கேக்கறாரு. அந்த அக்கா சொல்லுது, "இவங்கதாம்மா, டெண்டர் எடுத்துகீறாங்க. யம்மா, எவ்ளோக்கு டெண்டரு? எவ்ளோவா இருந்தாலும் சரி, மொத வேலையா எங்களுக்கு ஒரு கக்கூஸு கட்டிக் குடுத்துடு." நான் டெண்டர் இல்லக்கா ஜெண்டர்னா, "அது எந்த காண்ட்ராக்டரு?"ன்னுச்சு பின்னாடி நின்ன ஒரு பாட்டி.

சிரிச்சு முடிச்சு எல்லாருக்கும் டீ போட்டேன். ஒருத்தர் கூட குடிக்கல. ஏன்னு கேட்டேன். விடியறதுக்கு முன்ன ஏலத்துக்குப் போனா மத்தியானம் வூடு திரும்பற வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டாங்களாம். குடிச்சா எங்க போறது? ஒரு அக்காக்கு ரெண்டு தடவ நீர்க்கடுப்பு வந்து ஊசி போட்டிருக்கு. என் எம்.ஏ. ப்ராஜெக்ட்டோட தலைப்பு அன்னைக்கு அந்த வாசப்படில முடிவாச்சு. பொம்பளைங்களுக்கு எடம் எடுத்து நிக்கத் தெரியல, யாவாரத்துல ஆம்பளை மாதிரி வர முடியலன்னு சொல்றாங்களே, ஆடத் தெரியாதவ கதைதான், அளந்து பாருங்கய்யா கூடத்த.

கவுன்சிலரம்மா, உங்களத்தான் பாத்து சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உள்ளாட்சில பொம்பளைங்களுக்கு பாதி எடம்னு 2016-ல சட்டம் வந்துச்சு, 2022-ல நம்ம திரு.வி.க. நகர்லேர்ந்து பிரியா மேயரா போனாங்க, எம்.காம். படிச்ச பொண்ணு, 28 வயசு. பெருமையா இருக்கு. பஸ்ஸு ஃப்ரீ. புதுமைப் பெண் திட்டத்த 2022-ல ஆரம்பிச்சதே நம்ம பிராட்வே பாரதி பெண்கள் காலேஜ்லதான், மாசம் ஆயிரம் ரூபா, ஆனா அது டிகிரியோட நின்னுடுது, எம்.ஏ.க்கு கெடையாது. எம்.ஏ. பொண்ணு பழைய பேப்பர் பொஸ்தகம் பாக்கணும்னா தரமணி ரோஜா முத்தையா நூலகம், இல்லன்னா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். இங்கேர்ந்து ரெண்டு பஸ்ஸு மாறணும், வழில எறங்கினா எங்க போவா? மறுபடியும் அதே கக்கூஸு. நான் எத பேச ஆரம்பிச்சாலும் அங்கதான் போய் நிக்கறேன்னு எங்க வீட்டுல கிண்டல் பண்றாங்க, பண்ணட்டும். பூட்டு போடாத, தண்ணி வர்ற, காசு கேக்காத பெண்கள் கழிப்பறை, மார்க்கெட் பக்கம் ஒண்ணு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒண்ணு, லைப்ரரிக்குள்ள ஒண்ணு வேணும்.

தம்பி சீட்டு குடுத்துட்டாரு, டைம் ஆயிடுச்சாம். வேலை பத்தி சொல்றேன்னேன், இல்ல? டீ குடிக்கும்போது வாங்க, தனியா சொல்றேன். இப்ப அந்தக் கழிப்பறை கேட்டு ஒரு மனு சுத்தி வரும், எல்லாரும் கையெழுத்து போடுங்க, போடத் தெரியாதவங்க கைநாட்டு வெக்கலாம், மை பாட்டில் எடுத்துட்டு வந்திருக்கேன். மொத கையெழுத்து கவுன்சிலரம்மாதான். அண்ணே, பேனாவ அவங்ககிட்ட குடுங்கண்ணே, நீங்க போடாதீங்க.