மின்காரின் கதவு எதை நம்பித் திறக்கிறது?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் என்று வேலூரில் எந்தப் பக்கம் போனாலும் பச்சை நம்பர் பிளேட் போட்ட மின்கார் ஒன்றாவது இப்போது கண்ணில் படுகிறது. வாங்கும்போது ஷோரூமில் நிறைய வசதிகளைக் காட்டுகிறார்கள். சாவி பையில் இருந்தால் போதும், பக்கத்தில் போனதும் கதவு திறக்கும். விலகி நடந்தால் தானே பூட்டிக்கொள்ளும். ஹேண்ட் பிரேக்கை இழுக்க வேண்டியதில்லை, ஒரு பொத்தான் போதும். எல்லாம் உண்மைதான். ஆனால் என்றைக்காவது இவை வேலை செய்யாமல் போனால் கதவை எப்படித் திறப்பது, வண்டியை எப்படி நகர்த்துவது என்று வண்டி எடுக்கும் அன்றே கேட்டு வைத்துக்கொள்கிறவர்கள் குறைவு. இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

மின்காரின் அடியில் இருக்கும் பெரிய பேட்டரி, பெரும்பாலான வண்டிகளில் 300, 400 வோல்ட் அளவில் இருக்கும். மோட்டாரையும் ஏசியையும் ஓட்டுவது அது. கதவுப் பூட்டு, பார்க்கிங் பிரேக், கேமரா, சென்சார், திரை, இவை எல்லாம் ஓடுவது பெட்ரோல் காரில் இருப்பது போன்ற ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரியில். பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் ரிலே என்ற சுவிட்சுகள் மூடுவதற்கும் இந்த 12 வோல்ட்தான் வேண்டும். அதனால் திரையில் நேற்று 80 சதவீதம் சார்ஜ் காட்டியிருந்தாலும், சின்ன பேட்டரி இறங்கிவிட்டால் இன்று காலையில் கதவே திறக்காது.

பெட்ரோல் காரில் பேட்டரி பலவீனமானால் ஸ்டார்ட் செய்யும்போது இழுத்து இழுத்துச் சுற்றும்; அதுவே எச்சரிக்கை. மின்காரில் ஸ்டார்ட்டர் கிடையாது. கடைசி நாள் வரை எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே தெரியும். கொஞ்சம் கவனித்தால் அடையாளங்கள் உண்டு: பூட்டும் சத்தம் மெலிந்து கேட்கும், பக்கக் கண்ணாடி மடங்கத் தயங்கும், ஸ்டார்ட் செய்ததும் சம்பந்தமே இல்லாத நாலைந்து எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரியும். இப்படி வந்தால் எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஈய அமிலப் பேட்டரி என்றால், 12.6 வோல்ட் இருந்தால் நல்ல நிலை. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் தாமதிக்காதீர்கள். வேலூர் வெயிலில் இந்தப் பேட்டரிகளின் ஆயுள் குறையும். மூன்று ஆண்டு கடந்தால் கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன்பே ஒரு முறை சோதித்துவிடுவது நல்லது.

அந்தச் சின்ன பேட்டரி இறங்குவதற்கு நம் வீட்டு அமைப்பே ஒரு காரணமாகலாம். கொசப்பேட்டை, சைதாப்பேட்டை போன்ற பழைய தெருக்களில் வண்டி வாசலை ஒட்டி நிற்கும். சாவி உள்ளே கதவோரத்து ஆணியில் தொங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். வண்டி 125 கிலோஹெர்ட்ஸ் அளவிலான மெல்லிய அலையை அனுப்பிச் சாவியைத் தேடுகிறது. பல சாவிகள் 433 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்கின்றன. சாவி அவ்வளவு அருகில் இருந்தால் இந்தப் பேச்சு இரவெல்லாம் ஓயாமல் நடக்கலாம். சாவிக்குள் இருக்கும் செல்லும் தீரும், வண்டியின் 12 வோல்ட்டும் கரையும். சாவியை வண்டியிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி, உள் அறையில் வையுங்கள்.

இதில் திருட்டு அபாயமும் உண்டு. இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் வீட்டு வாசலிலும் ஒருவர் வண்டி அருகிலும் கருவியோடு நின்று, சாவியின் அலையை நீட்டித்துக் கதவைத் திறந்துவிட முடியும். சாவி வண்டிப் பக்கத்திலேயே இருப்பதாக வண்டி நம்பிவிடும். மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் சாவியைப் போட்டு, டப்பாவோடு வண்டி அருகே போய்க் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். திறக்கவில்லை என்றால் அந்த டப்பா போதும். திறந்துவிட்டால் வேறு டப்பா தேடுங்கள்.

சாவிக்குள் இருப்பது பெரும்பாலும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பட்டன் செல். வாட்ச் கடையில் கிடைக்கும். அது திடீரென்று தீர்ந்துவிட்டால் பயப்பட வேண்டாம். சாவியின் ஓரத்தில் ஒரு சின்னத் தள்ளுபொத்தான் இருக்கும். அதைத் தள்ளினால் உள்ளேயிருந்து இரும்புச் சாவி வெளியே வரும். சாவித் துளை ஓட்டுநர் கதவில் இருக்கும். பல வண்டிகளில் கைப்பிடி முனையில் ஒரு பிளாஸ்டிக் மூடி அதை மறைத்திருக்கும். மூடியின் அடிப்பக்கத்து வெட்டில் சாவி நுனியை விட்டு நெம்பினால் கழன்றுவிடும். உள்ளே போன பிறகு, செல் தீர்ந்த சாவியை ஸ்டார்ட் பொத்தானை ஒட்டியோ, கையேட்டில் குறித்திருக்கும் இடத்திலோ வைத்து ஸ்டார்ட் செய்யலாம். சாவிக்குள் இருக்கும் சிப்புக்கு வேண்டிய சக்தியை வண்டியே கொடுத்துவிடும்.

12 வோல்ட் பேட்டரியே இறங்கியிருந்தால் அதே இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, போனட்டைத் தூக்கி, ஜம்ப் கேபிள் போட வேண்டும். சிவப்பு முதலில் உங்கள் பேட்டரியின் பிளஸ்ஸில். மறுமுனை உதவிக்கு வந்த வண்டியின் பிளஸ்ஸில். பிறகு கறுப்பு அந்த வண்டியின் மைனஸில்; கடைசி முனை உங்கள் வண்டியில் பேட்டரியை விட்டுத் தள்ளியிருக்கும் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில். ஸ்டார்ட் அழுத்தி, திரையில் ரெடி என்று வந்ததும் பெரிய பேட்டரி சின்னதைச் சார்ஜ் செய்யத் தொடங்கிவிடும். கேபிளைப் போட்ட வரிசைக்கு நேர் எதிராகக் கழற்றி, வண்டியை அரை மணி நேரமாவது ரெடியிலேயே விடுங்கள். பதிலுக்கு உங்கள் மின்காரிலிருந்து ஒரு பெட்ரோல் காருக்கு ஜம்ப் கொடுக்காதீர்கள். ஸ்டார்ட்டர் ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும்; பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டை எடுத்துக் கொடுக்கும் மின்காரின் கன்வெர்ட்டர் அதற்கானது கிடையாது.

கதவோடு பதிந்து மூடும் கைப்பிடிகள் பார்க்க அழகு. பேட்டரியில் கரன்ட் இல்லாதபோது அவற்றை எப்படி வெளியே இழுப்பது என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். வெளியே திறக்கும் வழி, உள்ளே முன் இருக்கையிலும் பின் இருக்கையிலும் உள்ள இயந்திர வழி, எல்லாவற்றையும் ஒரு முறையாவது கையால் செய்து பாருங்கள். வீட்டில் ஓட்டாதவர்களும், முக்கியமாகப் பின்னால் உட்காரும் பெரியவர்களும் செய்து பார்க்கட்டும். கதவின் உள்ளேயும் வெளியேயும் கையால் திறக்கும் வழி இருந்தே ஆக வேண்டும் என்று சீன அரசு 2027 ஜனவரி 1 முதல் புதிய மாடல் வண்டிகளுக்கு விதித்திருக்கிறது. நாம் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

போன் ஆப்பை மட்டும் நம்பி மலைக்குப் போகாதீர்கள். இன்டர்நெட் வழியாகத் திறக்கும் ஆப்புக்குப் போனிலும் வண்டியிலும் சிக்னல் வேண்டும். ஜவ்வாது மலையில் பல இடங்களில் அது கிடைக்காது. புளூடூத் வழியாகவோ கார்டு வைத்தோ திறப்பதற்குச் சிக்னல் தேவையில்லை. எதுவானாலும் சாவியும் கூடவே வரட்டும்.

நடந்து விலகினால் தானே பூட்டும் வசதி மூன்று சமயங்களில் ஏமாற்றும்: ஒரு கதவு சரியாக மூடாமல் இருந்தால், இரண்டாவது சாவி வண்டிக்குள் யாருடைய கைப்பையிலாவது இருந்தால், சாவியாகப் பயன்படும் போன் சீட்டிலேயே கிடந்தால். மண்டித் தெரு இரைச்சலில் பூட்டும் சத்தம் காதில் விழாது. கைப்பிடியை இழுத்துப் பார்ப்பதும் சரிவராது. சாவி உங்கள் பையில் இருப்பதால் திரும்பவும் திறந்துகொள்ளும். பூட்டும்போது பக்கக் கண்ணாடி மடங்கும்படி அமைத்துவிட்டால், திரும்பிப் பார்த்த ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

இனி நிறுத்துவது. 'பி', அதாவது பார்க்கிங், என்று போட்டதும் பல வண்டிகளில் கியர்ப்பெட்டிக்குள் ஒரு சின்ன இரும்பு நாக்கு பல்சக்கரத்தில் விழுந்து பூட்டுகிறது. சில வண்டிகளில் நாக்கே கிடையாது. பின்சக்கரப் பிரேக்கை ஒரு மோட்டார் இறுக்குகிறது. மின்கார், அதே மாடல் பெட்ரோல் காரைவிட நூறு, இருநூறு கிலோ கூடுதலாகக் கனக்கும். இரத்தினகிரி ஏற்றத்திலோ ஏலகிரி வளைவு ஓரத்திலோ நேராகப் 'பி' போட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் அத்தனை பாரமும் அந்த நாக்கில் விழும். எடுக்கும்போது டக்கென்று அடிக்கும். கால் பிரேக்கை மிதித்தபடி 'என்', அதாவது நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பார்க்கிங் பிரேக் பொத்தானைப் போட்டு, காலை மெல்லத் தளர்த்தி வண்டி பிரேக்கில் நிலைத்த பிறகு 'பி' போடுங்கள். எடுக்கும்போது முதலில் கால் பிரேக்கை நன்றாக மிதியுங்கள். காலை எடுத்தாலும் பிரேக்கைப் பிடித்து வைக்கும் ஆட்டோ ஹோல்ட் என்பது சிக்னலில் நிற்க மட்டும். அதை நம்பி இறங்கக் கூடாது.

மருத்துவமனை, கல்யாண மண்டபம் போன்ற நெருக்கமான இடங்களில் வண்டியை நியூட்ரலில் விட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள், தேவைப்பட்டால் தள்ளிக்கொள்வார்கள். மின்கார் பெரும்பாலும் அணைத்ததும் தானே 'பி'-க்குப் போய்விடும், தள்ள முடியாது. முதலிலேயே சொல்லி, பின்னால் யாரையும் அடைக்காத இடத்தில் நிறுத்துங்கள்.

பின்னால் எடுக்கும்போது பீப் அடிக்கும் சென்சார், நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயம். அது ஒலி அலையை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. திறந்த சாக்கடை எதிரொலி தராது. மெல்லிய கம்பியும் தாழ்ந்த வாசல்படியும் தப்பிவிடும். சேறு படிந்தால் எதுவும் இல்லாமலே அலறும். தானே பார்க்கிங் செய்யும் வண்டிகளும் இதே சென்சாரையும், கூடவே கேமராவையும்தான் நம்புகின்றன. ஓரம் தெளிவில்லாத தெருவில், பக்கத்தில் டூவீலர்கள் சாய்ந்து நிற்கும் இடத்தில், அந்த வசதியை விட்டுவிட்டு நீங்களே ஓட்டுவதுதான் பாதுகாப்பு. வாசல் சரிவில் ஏறும்போது கூடுதல் கவனம் வேண்டும்: மின்மோட்டார் நின்ற நிலையிலேயே முழு இழுவையைக் கொடுத்துவிடும், படியில் சக்கரம் முட்டியதும் அழுத்தினால் ஏறிய வேகத்தில் சுவரில் போய் நிற்கும். ஈகோ மோடில் மெல்ல ஏறுங்கள்.

கடைசியாகச் சார்ஜிங் கன். சார்ஜ் ஆகும்போது வண்டிப் பக்கத்தில் ஒரு சின்ன ஆணி கன்னைப் பூட்டி வைத்திருக்கும். சார்ஜை நிறுத்தி, ரிமோட்டில் அன்லாக் கொடுத்தும் கன் வரவில்லை என்றால் பலம் போட்டு இழுக்காதீர்கள். கேபிளின் எடை கீழே இழுப்பதால் ஆணி சிக்கியிருக்கும். கேபிளை ஒரு கையால் தாங்கி, கன்னை வண்டிப் பக்கமாக உள்ளே அழுத்திப் பிடித்தபடி மறுபடி அன்லாக் கொடுங்கள். அதற்கும் வராவிட்டால், பல வண்டிகளில் போனட்டுக்குள் அல்லது டிக்கியின் பக்கவாட்டு மூடிக்குப் பின்னால் ஒரு சின்னக் கயிறு இருக்கும். அதை இழுத்தால் ஆணி விலகும். உங்கள் வண்டியில் அது எங்கே என்று கையேட்டில் பார்த்து, இன்றே டிக்கியைத் திறந்து ஒரு முறை தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.