பத்து நிமிடம் நின்ற ரயில்கள்: நார்த் பிளாட் என்ற ஊர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நெப்ராஸ்கா மாநிலத்தில் வாழும் நம்மில் பெரும்பாலோர் ஒமாஹாவிலிருந்து டென்வருக்கு ஒரு முறையாவது காரில் போயிருப்போம். இன்டர்ஸ்டேட் 80இல் மேற்கே நாலு மணி நேரம் ஓட்டினால் நார்த் பிளாட் வரும். பெட்ரோல், சாப்பாடு எல்லாம் நெடுஞ்சாலை ஓரத்திலேயே கிடைத்துவிடும். ஊர் அதற்கு வடக்கே, தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது. அந்த ஊரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இரண்டாம் உலகப் போர் நடந்தபோது அங்கே ஏறக்குறைய 12,000 பேர் இருந்தார்கள். அந்த ஊரும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களும் சேர்ந்து, ரயிலில் போன சுமார் 60 லட்சம் படைவீரர்களுக்குச் சாப்பாடு போட்டன. ஒரு காசு வாங்கவில்லை. அரசாங்கம் நடத்திய திட்டமும் இல்லை. இதைக் கேட்பவர்கள் "எவ்வளவு நல்ல மனிதர்கள்!" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. நல்ல மனிதர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நாலே கால் வருடம் ஒரு நாளும் தவறாமல் அந்தப் பந்தியை நடத்தியது எப்படி? அது ரயில்வே ஊராக இருந்ததால்தான் முடிந்தது என்பது என் கருத்து.

அந்த ஊரையே உண்டாக்கியது ரயில்தான். 1866இல் யூனியன் பசிபிக் கம்பெனி நெப்ராஸ்காவின் குறுக்கே தண்டவாளம் போட்டுக்கொண்டு மேற்கே போனபோது, வட பிளாட், தென் பிளாட் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்துக்கு அருகே மனை பிரித்தார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்கத் தண்டவாளத்தின் கடைசி முனை அதுதான். கூலியாட்கள், சாராயக் கடைக்காரர்கள், சூதாடிகள் என்று பெருங்கூட்டம் வந்து குவிந்தது. அடுத்த வருடம் தண்டவாளம் மேற்கே நகர்ந்ததும் கூட்டமும் கூடவே போய்விட்டது. கம்பெனி அங்கே லோகோ ஷெட்டும் பட்டறையும் கட்டியிருந்ததால் ஊர் மிஞ்சியது.

ரயில்வே ஊரின் வாழ்க்கை எப்படி இருக்கும்? ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பையன் வந்து கதவைத் தட்டுவான். டிரைவரையோ ஃபயர்மேனையோ கார்டையோ எழுப்பி, இன்ன வண்டி இத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவான். 'கால் பாய்' என்பது அவன் வேலைக்குப் பெயர். வீட்டில் உள்ள பெண் எழுந்து, அவர் கொண்டுபோக வேண்டிய சாப்பாட்டைக் கட்டிக்கொடுப்பாள். வண்டி வரும் நேரத்துக்குத்தான் அங்கே அடுப்பு எரிந்தது. நார்த் பிளாட்டில் 1876இல் பிறந்த வில்லியம் ஜெஃபர்ஸ் என்ற பையன் 14 வயதில் இப்படிப்பட்ட எடுபிடி வேலையில்தான் சேர்ந்தான். அயர்லாந்திலிருந்து வந்த ஒரு கூலித் தொழிலாளியின் மகன். 1937இல் அவரே யூனியன் பசிபிக்கின் தலைவரானார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீராவி இன்ஜினால் நிற்காமல் வெகுதூரம் ஓட முடியாது. தண்ணீர் பிடிக்க வேண்டும், எண்ணெய் போட வேண்டும், சக்கரத்தையும் தண்டுகளையும் சரிபார்க்க வேண்டும், டிரைவரும் மற்றவர்களும் மாற வேண்டும். இதற்காக நார்த் பிளாட்டில் வண்டிகள் பத்து, பதினைந்து நிமிடம் நின்றன. நான் சொல்லப்போகிற அத்தனையும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் நடந்தது.

1941 டிசம்பர் 17. பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. நெப்ராஸ்கா தேசியக் காவல் படையின் 'டி' கம்பெனி என்ற படைப்பிரிவு அன்று ஊர் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போகிறது என்று ஒரு பேச்சு பரவியது. அந்தக் கம்பெனியில் நார்த் பிளாட் பையன்கள் இருந்தார்கள். படை ரயில்களின் நேரம் ராணுவ ரகசியம் என்பதால் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆனாலும் சுமார் 500 பேர் தின்பண்டம், சிகரெட், கிறிஸ்துமஸ் பரிசு என்று கைநிறைய வைத்துக்கொண்டு ஸ்டேஷனில் காத்திருந்தார்கள். ரயில் வந்தது. 'டி' கம்பெனிதான், ஆனால் கன்சாஸ் மாநிலத்து 'டி' கம்பெனி. ஒரு முகமும் தெரிந்த முகமில்லை. பெற்ற பிள்ளைக்கு என்று கொண்டுவந்த பொட்டலம் கையில் இருக்கிறது, எதிரே ஜன்னலில் யாரோ பெற்ற பிள்ளை நிற்கிறான். கொஞ்ச நேரம் கூட்டம் திகைத்து நின்றது. அப்புறம் கொண்டுவந்ததையெல்லாம் அந்தப் பையன்களிடமே கொடுத்துவிட்டு, கையசைத்து அனுப்பிவைத்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் ரே வில்சன் என்ற 26 வயதுப் பெண் இருந்தார். மருந்துக் கடையில் வேலை. அவருடைய அண்ணனை எதிர்பார்த்து வந்தவர். வீட்டுக்குப் போய் உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். இன்று நாம் செய்ததை வருகிற எல்லா ரயிலுக்கும் செய்தால் என்ன, பொறுப்பை நானே எடுத்துக்கொள்கிறேன் என்பது அதன் சாரம். ஒரே வாரத்தில் ஆட்களைத் திரட்டி, கிறிஸ்துமஸ் அன்று இரவு முதல் ரயிலுக்குப் பரிமாறிவிட்டார்கள். ஸ்டேஷனிலேயே ஓர் இடம் வேண்டும் என்ற கோரிக்கை ரயில்வே கம்பெனித் தலைவரிடம் போனது. ஜெஃபர்ஸ் தன் சொந்த ஊருக்கு மறுப்புச் சொல்லவில்லை. ஸ்டேஷனில் மூடிக்கிடந்த உணவறை கேன்டீன் ஆனது.

சில மாதங்களில் ரே வில்சனின் உடல்நலம் கெட்டு, அவர் விலக நேர்ந்தது. ஹெலன் கிறிஸ்ட் என்ற பெண்மணி அந்தப் பொறுப்பை ஏற்றார். ஆரம்பித்தவரைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். என் மரியாதை இரண்டாவதாக வந்தவருக்கும் அதே அளவு உண்டு. முதல் உற்சாகம் வடிந்த பிறகு, சர்க்கரைக்கும் காபிக்கும் பெட்ரோலுக்கும் டயருக்கும் ரேஷன் வந்த பிறகு, அந்தக் கேன்டீனைத் தாங்கிப் பிடித்தவர் அவர்.

ஒரு நாளைக்கு 3,000 முதல் 5,000 பேர் வரை வருவார்கள். 12,000 பேர் உள்ள ஊர் தனியாக இதைத் தாங்காது. அதனால் முறைவைத்தார்கள். கோதன்பர்க், ஓகலாலா, டிரையன் என்று சுற்றுவட்டாரத்திலும் கொலராடோ எல்லைக்கு அப்பாலும் உள்ள ஊர்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கடைசியில் சுமார் 125 ஊர்கள் முறைபோட்டு வந்தன. இந்தத் தேதி இந்த ஊருக்கு. அவர்கள் முறை வரும்போது சர்ச்சில் உள்ள பெண்கள் முதல் நாளே கூடி முட்டை அவித்து, கோழியும் ஹாமும் வேகவைத்து, கேக் சுட்டு, ரேஷனில் மிச்சம்பிடித்த பெட்ரோலில் காரை நிரப்பிக்கொண்டு விடியுமுன் கிளம்புவார்கள். தங்கள் வீட்டுக் காபியில் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டவர்கள் அவர்கள். வேட்டையாடிய ஃபெசன்ட் பறவையின் இறைச்சி வைத்த சாண்ட்விச் அந்த ஊருக்கே பேர் வாங்கித் தந்தது. 1945 மார்ச் மாதக் கணக்கில் மட்டும் 40,000க்கு மேல் குக்கிகளும் 30,000க்கு மேல் அவித்த முட்டைகளும் வருகின்றன. ஒரு முட்டையை அவித்து உரித்துப் பாருங்கள். பிறகு அந்த எண்ணிக்கையை யோசியுங்கள்.

பணம்? பழைய இரும்பு சேர்த்து விற்றார்கள், நடன விருந்து வைத்தார்கள். ஒரு பள்ளிச் சிறுவன் கால்நடை ஏலம் நடக்கும் இடத்துக்குப் போய், போட்டிருந்த சட்டையைக் கழற்றி ஏலம் விட்டுப் பணம் சேர்த்தான். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஐந்து டாலர் அனுப்பினார்.

இப்போது அந்தப் பத்து நிமிடத்தை உள்ளே போய்ப் பார்ப்போம். ரயில் வரும் நேரம் ரகசியம் என்றேன் அல்லவா? ஆனால் சமைப்பவர்களுக்குத் தெரிந்தாக வேண்டுமே. ரயில்வே ஆட்கள் அதற்கு ஒரு சங்கேதம் வைத்திருந்தார்கள். "காபி பாத்திரம் அடுப்பில் ஏறிவிட்டது" என்று தகவல் வரும். உடனே கோப்பைகளை வரிசையாக அடுக்குவார்கள். வண்டி நின்றதும் பையன்கள் குதித்து ஓடிவருவார்கள். நீண்ட மேஜையில் சாண்ட்விச், அவித்த முட்டை, பால், காபி, டோனட். ஒரு பக்கம் எடுத்துப்போகச் சொல்லிப் பத்திரிகைகள். ஒரு மூலையில் பியானோ. யாருக்குப் பிறந்தநாள் என்று ஒரு பெண் குரல் கொடுப்பாள், கை தூக்கியவனுக்கு முழு கேக் கொடுப்பார்கள். யாரும் அத்தாட்சி கேட்கவில்லை. அந்த வயதில் பலர் வீட்டை விட்டு வந்ததே முதல் தடவை. இறங்க முடியாதவர்களுக்காக இளம்பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு பிளாட்ஃபாரத்தில் ஜன்னல் ஜன்னலாகப் போவார்கள். சோளப்பொரி உருண்டைகளுக்குள் தங்கள் பெயரும் முகவரியும் எழுதிய சீட்டை வைத்த பெண்களும் உண்டு. அதில் கடிதம் போய், கல்யாணத்தில் முடிந்த கதைகளும் உண்டு. காயம்பட்டவர்களை ஏற்றிவரும் மருத்துவ ரயில் என்றால் பெண்களே உள்ளே ஏறிப் படுக்கை படுக்கையாகக் கொடுத்துவிட்டு வருவார்கள். விசில் ஊதும். பையன்கள் ஓடுவார்கள். நம் கல்யாண வீட்டில் ஒரு பந்தி எழுந்ததும் இலையை எடுத்து அடுத்த பந்திக்குத் துடைத்து வைப்போமே, அந்த வேகத்தில் மேஜையைத் துடைத்து அடுத்த ரயிலுக்குத் தயாராவார்கள். அப்படி ஒரு நாளில் 20 ரயிலுக்கு மேல் வந்ததுண்டு.

தன் மகன் போரில் இறந்துபோனான் என்ற செய்தி வந்த பிறகும் கேன்டீனுக்கு வந்து நின்ற ஒரு தாயைப் பற்றி அந்தப் பெண்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். என் பிள்ளைக்கு இனி எதுவும் செய்ய முடியாது, இன்னொருத்தி பிள்ளைக்காவது செய்கிறேன் என்றாராம். இதற்கு மேல் நான் எதையும் சேர்த்துச் சொல்லப்போவதில்லை.

ஆனால் இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த மேடையில் நான் பேசியது பாதி உண்மையாகிவிடும். கன்சாஸ் பையன்களுக்குப் பொட்டலம் கொடுத்த நாளுக்குப் பன்னிரண்டு வருடம் முன்பு, 1929 ஜூலையில், இதே ஊரில் ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் ஒரு கறுப்பின மனிதர். அதைக் காரணமாக வைத்து வெள்ளையர் கும்பல் ஒன்று, அந்தக் கொலைக்கும் தங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத கறுப்பினக் குடும்பங்களை வீடு வீடாக மிரட்டி ஊரைவிட்டு ஓடச் சொன்னது. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு அவர்கள் வெளியேறினார்கள். பிறகு சிலர் திரும்பி வந்தார்கள்.

கேன்டீன் மேஜையில் கறுப்பினப் படைவீரர்களுக்கும் அதே காபி, அதே சாண்ட்விச் கிடைத்தது. ராணுவத்திலேயே இனப் பிரிவினை இருந்த காலம் அது. இது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் பின்னால் செய்த நன்மை முன்னால் செய்த கொடுமையைக் கழுவிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பத்து நிமிடத்தில் கிளம்பிவிடும் விருந்தாளியை உபசரிப்பது வேறு. பக்கத்து வீட்டில் குடியிருப்பவரோடு வருடக்கணக்கில் வாழ்வது வேறு. முதலாவதில் அந்த ஊரை மிஞ்ச ஆளில்லை. இரண்டாவதில் அது தவறியிருக்கிறது. அங்கே உள்ள மனிதர்களை நான் மதிப்பதால்தான் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கேன்டீன் 1946 ஏப்ரல் 1 அன்று மூடப்பட்டது. 1971இல் பயணிகள் ரயில் நார்த் பிளாட்டுக்கு வருவது நின்றது. 1973இல் ஸ்டேஷன் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். 60 லட்சம் பேர் கால்பட்ட இடத்தைக் காப்பாற்றாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. மிஞ்சிய படங்களும் பொருள்களும் லிங்கன் கவுண்டி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

சரக்கு ரயில் மட்டும் அந்த ஊரைவிட்டுப் போகவே இல்லை. ஊருக்கு மேற்கே உள்ள பெய்லி யார்டு சரக்கு வண்டிகளைப் பிரித்துக் கோக்கும் யார்டுகளில் உலகிலேயே பெரியது. 2,850 ஏக்கர், எட்டு மைல் நீளம். வேகன்களை மெதுவாக ஒரு மேட்டின் மேல் தள்ளி, உச்சியில் இணைப்பைக் கழற்றிவிடுவார்கள். அது தன் எடையிலேயே உருண்டு இறங்கி, தான் சேரவேண்டிய தடத்தைப் போய்ச் சேரும். கீழே தண்டவாளத்தில் பொருத்திய பிரேக்குகள் சக்கரத்தைப் பிடித்து வேகத்தை அடக்கும். பக்கத்திலேயே உள்ள கோல்டன் ஸ்பைக் கோபுரத்தில் ஏறி இதைப் பார்க்கலாம். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

2018 ஜூனில் ஆர்கன்சா தேசியக் காவல் படையைச் சேர்ந்த சுமார் 700 பேர் பயிற்சி முடிந்து வாகன அணியாகத் திரும்பும் வழியில் நார்த் பிளாட்டில் தங்கினார்கள். செய்தி வந்ததும் ஊர் மறுபடி கேன்டீன் போட்டது. சமைத்தவர்களில் பெரும்பாலோர் பழைய கேன்டீனைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

அண்மை ஆண்டுகளில் யூனியன் பசிபிக் செய்த ஆட்குறைப்பில் அந்த ஊர் பல ரயில்வே வேலைகளை இழந்தது. அப்பாவும் தாத்தாவும் பார்த்த வேலை பிள்ளைக்குக் கிடைக்கும் என்ற நிச்சயம் போய்விட்டது. அதற்கு மாற்றாக 2025இல் ஒரு பெரிய மாட்டிறைச்சி ஆலை அங்கே இயங்கத் தொடங்கியிருக்கிறது. நூற்றுக்கணக்கான வேலைகள். நெப்ராஸ்காவின் இறைச்சி ஆலைகளில் வேலைக்கு வருகிறவர்களில் பலர் வேறு நாடுகளில் பிறந்தவர்கள் என்பது இங்கே வாழும் நமக்குத் தெரியும். அவர்கள் ரயிலில் வந்து போகிறவர்கள் இல்லை, அங்கேயே வீடு எடுத்துத் தங்கப்போகிறவர்கள். அவர்களை நார்த் பிளாட் எப்படி ஏற்றுக்கொள்கிறது என்பதைத்தான் இப்போது நான் ஆவலோடு கவனித்துவருகிறேன். அந்தப் பக்கம் குடியிருக்கும் நம் குடும்பங்கள் யாராவது இங்கே வந்திருந்தால், கூட்டம் முடிந்ததும் தயவுசெய்து என்னிடம் வந்து பேசுங்கள். உங்களிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது.

நன்றி, வணக்கம்.