இருபதாவது பைட்

வணக்கம் நேயர்களே. போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாமாக் கடை. என்னிடம் படிக்கும் தம்பி ஒருவர் கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். கோயில் அர்ச்சனைக்குப் பெயர் பதியும் செயலி. கோட்லின் என்ற நிரல்மொழியில் அவரே எழுதியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் "தமிழ்ச்செல்வி" என்று தட்டினால், பட்டியலில் "தமிழ்ச" என்று நின்றுவிடுகிறது. பக்கத்தில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி.

"இங்கிலீஷ்ல போட்டா சரியா வருது சார்" என்றார்.

பெயருக்கு 20 பைட் ஒதுக்கியிருந்தார். பைட் என்பது கணினிச் சேமிப்பின் சிறு அலகு. 20 எழுத்து என்று நினைத்துக்கொண்டார். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்குப் போதாது. தகரத்துக்கு மூன்று, மகரத்துக்கு மூன்று, அதன் இகர மேல்விலங்குக்கு மூன்று. அப்புறம் ழகரம், புள்ளி, சகரம், தலா மூன்று. 18 ஆகிவிட்டது. அடுத்த புள்ளிக்கு மூன்று வேண்டும், மிச்சம் இரண்டுதான். அந்த அரைப் புள்ளிதான் கேள்விக்குறியாக வந்து நிற்கிறது.

கோட்லின் இதையெல்லாம் மறைத்துவிடும். சி மொழி மறைக்காது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1972 வாக்கில் டென்னிஸ் ரிட்ச்சி உருவாக்கிய மொழி அது. அதில் ஒரு பெயர் என்றால் வரிசையாக நிற்கும் பைட்டுகள், கடைசியில் ஒரு பூஜ்யம், அவ்வளவுதான். அதே ஆய்வகத்தின் கென் தாம்சன்தான் 1992இல் ராப் பைக்குடன் சேர்ந்து யூடிஎஃப்-8ஐ வடிவமைத்தார்.

சி-யைப் பழசு என்று ஒதுக்க முடியாது. ஆண்ட்ராய்டின் அடியில் ஓடும் லினக்ஸ் கெர்னல் என்ற மையப் பகுதி சி-யில் எழுதியது. செயலிகள் தகவலைச் சேமிக்கும் எஸ்கியூலைட்டும் சி. அது ஐஃபோனிலும் இருக்கிறது. "கொ" என்று தட்டினால் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் நிறுத்தும் ஹார்ஃப்பஸ் மென்பொருள், சி-யிலிருந்து வளர்ந்த சி++. நம் மலேசியாவில் 1985இல் முத்து நெடுமாறன் கணினியில் தமிழ் எழுதும் முரசு அஞ்சல் மென்பொருளைத் தொடங்கியபோது இப்படி எதுவும் ஆயத்தமாகக் கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புதான்.

முழுச் செயலியையும் சி-யில் எழுதச் சொல்லவில்லை. கை தவறினால் நினைவகம் குழம்பும், பாதுகாப்பில் ஓட்டை விழும். அதனால்தான் 2021இல் ஆண்ட்ராய்டின் உள்பகுதிகளுக்கு ரஸ்ட் மொழியையும் கூகுள் சேர்த்துக்கொண்டது. திரைக்குக் கோட்லினே இருக்கட்டும். ஆனால் படிக்கும் காலத்தில் மூன்று மாதமாவது சி-யோடு பழகுங்கள் என்று நம் பிள்ளைகளைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பியிடம் மடிக்கணினியைத் திறக்கச் சொன்னேன். பெயரின் பைட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டும் சின்ன சி நிரல், பத்து வரி. தே தாரிக் ஆறுவதற்குள் எழுதிவிட்டார். திரையில் 39 எண்கள் இறங்கின. மும்மூன்றாக விரலால் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார். ஏழாவது மூன்றின் நடுவில் விரல் நின்றது.

"இங்கதான் சார் வெட்டுது."