கணப்பின் சூடு காலுக்குத் தெரிகிறதா?

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம். இந்தக் குளிரில் பாதிப் பேர் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நான் பேச வந்ததும் அதைப் பற்றித்தான்.

உறைபனி விழுந்த ஒரு காலையில் கோத்தகிரிப் பக்கமிருந்து தேயிலை பறிக்கும் ஒரு அம்மா என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். முந்தைய இரவு நெருப்புச் சட்டிக்கு அருகே காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். கம்பளி கருகும் வாடை வந்து மகள் ஓடிப் பார்த்தால், சாக்ஸ் குதிகாலோடு ஒட்டியிருக்கிறது. அவருக்கு வலியே தெரியவில்லை. எட்டு வருஷமாகச் சர்க்கரை. தலை சுற்றினால் மட்டும் மாத்திரை போடுவார்.

சர்க்கரை வருஷக்கணக்கில் ஏறியே இருந்தால் நரம்புகள் பழுதாகும். நீளமான நரம்புகள் முதலில் கெடும், அதனால்தான் கால் விரலில் தொடங்குகிறது. முதலில் மதமதப்பு, எரிச்சல். அப்புறம் எரிச்சல் நின்றுவிடும். குணமாகிவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். இல்லை, உணர்ச்சியே போய்விட்டது என்று அர்த்தம். நம் மலையில் இன்னொரு சிக்கல்: எல்லாப் பழியையும் குளிர்மேல் போட்டுவிடுகிறோம். குளிரில் விறைத்த கால் வெயில் ஏறினால் சரியாகும். மத்தியானமும் மரத்தே இருந்தால் உடனே காட்டுங்கள்.

சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு ரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180-க்குள் இருக்க வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c டெஸ்ட் 7 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. இந்தச் சராசரியை ரத்தச் சிவப்பணு காட்டிக்கொடுக்கும். அதன் ஆயுள் சுமார் 120 நாள். டெஸ்டுக்கு முன்னால் இரண்டு நாள் வாயைக் கட்டினால் அது ஏமாறாது. பிரிட்டனில் பல ஆண்டுகள் நடந்து 1998-இல் வெளியான பெரிய ஆய்வில், சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்றவற்றின் மிகச் சிறிய ரத்தக் குழாய்களில் வரும் பாதிப்புகள் கால்பங்கு குறைந்தன.

டீயைக் கணக்குப் போடுங்கள். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு ஆறு டம்ளர் என்றால் பன்னிரண்டு ஸ்பூன் சர்க்கரை. தொட்டுக்கொள்ள வர்க்கி வேறு, அத்தனையும் மைதா. அதற்காக, மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் மேடேறாதீர்கள். கை நடுங்கி, வியர்த்துக் கொட்டினால் சர்க்கரை 70-க்குக் கீழே போயிருக்கலாம். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு உட்காருங்கள்.

மாத்திரை வாங்க மலை இறங்க முடியவில்லை என்பார்கள். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

அந்த அம்மாவின் புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. இப்போது தினமும் படுக்கும்முன் மகள் டார்ச் அடித்து அம்மாவின் உள்ளங்காலைப் பார்க்கிறாள். வெந்நீரையும் தன் முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் கொடுக்கிறாள். இன்று ராத்திரி உங்கள் வீட்டிலும் டார்ச்சை எடுங்கள். வணக்கம்.