ஊருக்கே தெரிந்த ரகசியம்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

'பெய்டன் பிளேஸ்' நாவலை என் வயதுக்காரர்கள் சிலர் பிரவுன் தாள் அட்டை போட்டுத்தான் வாசித்திருப்பார்கள். 1956 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளியானது. எழுதியவர் கிரேஸ் மெட்டாலியஸ். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கில்மன்டன் என்ற சின்ன ஊரில் இருந்த ஒரு பள்ளி ஆசிரியரின் மனைவி, வயது 32. முதல் பத்து நாளிலேயே 60,000 பிரதிகள் விற்றன. கனடாவில் தடை செய்தார்கள். இந்தப் புத்தகம் இங்கே கிடையாது, வேண்டுமென்றால் பக்கத்து ஊருக்குப் போ என்று வாசலில் பலகையே வைத்தது ஒரு நூலகம்.

அப்படி என்னதான் இருக்கிறது? அன்றைக்கு முகம் சிவக்க வைத்த பக்கங்களை இன்று படித்தால் கொட்டாவிதான் வரும். ஆனால் செலினா கிராஸின் கதை அப்படியில்லை.

ஊர்க்கோடியில் ஒரு தகரக் கொட்டகை மாதிரியான வீடு. வளர்ப்புத் தகப்பன் லூகாஸ் குடித்துவிட்டு வந்து அடிப்பான். அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வரி கட்டுகிறான், கடையில் பாக்கி வைப்பதில்லை. ஊருக்கு அது போதும். அவனாலேயே அந்தப் பெண் கருவுறுகிறாள். டாக்டர் ஸ்வெயின் சட்டத்தை மீறிக் கருவைக் கலைத்து, குடல்வால் அறுவை என்று பதிவு செய்கிறார். அதே ஊரில், பெரிய மனுஷியாக நடமாடும் கான்ஸ்டன்ஸ், கல்யாணமாகாமல் பிறந்த மகள் ஆலிசனின் பிறப்புச் சான்றிதழில் வருடத்தையே மாற்றி வைத்திருக்கிறாள். எனக்கு நாவலின் உயிர் இந்த இரண்டு காகிதங்களில்தான் இருக்கிறது. ஊர் நிம்மதியாகத் தூங்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் ரெக்கார்டில் பொய் எழுதியாக வேண்டும்.

நம் மலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கோத்தகிரியில் ஒரு வீட்டில் சண்டை என்றால், காலை பஸ் குஞ்சப்பனை தாண்டும் முன்பே பாதி பஸ்ஸுக்குத் தெரிந்திருக்கும். எஸ்டேட் லைன் வீடுகளில் ஒரே சுவர்தான் நடுவில். ராத்திரி கேட்ட அலறல் பக்கத்து வீட்டுக்காரி காதில் விழாமலா இருக்கும்? ஆனால் மறுநாள் கொழுந்து எடை போடும் இடத்தில் முகம் வீங்கி நிற்பவளிடம், "என்னக்கா, விழுந்துட்டியா?" என்றுதான் கேட்பார்கள். அவளும் ஆமாம் என்பாள். கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும்.

மெட்டாலியஸ் இதை வானத்திலிருந்து பிடித்து எழுதவில்லை. கில்மன்டன் பக்கத்திலேயே, 1940களில், ஒரு பெண் தன்னைச் சீரழித்த தகப்பனைக் கொன்று கொட்டிலில் புதைத்த வழக்கு நடந்தது. முதல் கையெழுத்துப் பிரதியில் லூகாஸ் சொந்த அப்பாதான். பதிப்பகம்தான் அவனை வளர்ப்புத் தகப்பனாக்கியது. நாவலாசிரியருக்கு அதில் வருத்தம் உண்டு. எனக்கும்தான். எல்லாவற்றையும் உடைத்துச் சொன்ன புத்தகத்திலேயே ஒன்றை மூடிவிட்டார்கள், பாருங்கள்.

ஊர் சும்மா விடவில்லை. புத்தகம் கடைக்கு வந்த அந்த வருடமே கணவருக்குப் பள்ளி வேலை இல்லாமல் போயிற்று. அப்புறம் சினிமா, பணம், குடி. 1964இல், 39 வயதில், ஈரல் கெட்டு இறந்தார். புதைத்தது அதே கில்மன்டனில்.

வாசிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆலிசனின் காதல் பக்கங்கள் இழுவை, தாராளமாகத் தாண்டிவிடுங்கள். லூகாஸைக் கொன்ற வழக்கில் செலினா கூண்டில் நிற்கும் அத்தியாயத்தை மட்டும் தாண்டாதீர்கள். தன் பெயரும் தொழிலும் போனாலும் பரவாயில்லை என்று டாக்டர் ஸ்வெயின் எழுந்து, தான் எழுதி வைத்த அந்தக் குடல்வால் பொய்யை ஊர் முன்னால் தானே உடைக்கிறார். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேருக்காவது அந்த வீட்டு நிலவரம் ஏற்கெனவே தெரியும். யாரும் அதுவரை வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

வணக்கம்.