ஆர்சனல் மறுகட்டமைப்பு: வாங்கினதை விட வெளிய அனுப்பினதுதான் பெருசு

வணக்கம் மக்களே. இன்னைக்கு லண்டன் ஃபுட்பால் கிளப் ஆர்சனல் பத்தி. 2019 டிசம்பர்ல ஆர்ட்டெட்டா கோச்சா வந்ததுல இருந்து 2025 கோடை டிரான்ஸ்ஃபர் விண்டோ மூடுற வரைக்கும் என்ன செஞ்சாங்க, எந்த வரிசைல செஞ்சாங்க, எங்க சறுக்கினாங்க. இவ்வளவுதான் இன்னைக்கு வீடியோ.

"ரைஸை வாங்கினாங்க, டீமே மாறிடுச்சு"ன்னு நிறைய பேர் ஒரே வரில முடிச்சிடுறாங்க. மிட்ஃபீல்டர் ரைஸ் வந்தது 2023 கோடைல. அதுக்கு முந்தின சீசன்லயே 84 பாயிண்ட் எடுத்து ரெண்டாவது இடம் வந்தாச்சு. அதனால மாற்றம் எங்க ஆரம்பிச்சுதுன்னு பார்க்கணும்னா, இன்னும் பின்னாடி போகணும். யார் யாரை வெளிய அனுப்பினாங்கன்னு பார்க்கணும்.

2021 ஜனவரி. ஓசில் ஃபெனர்பாச்சே போறாரு. 2018ல போட்ட ஒப்பந்தத்துல வாரத்துக்கு சுமார் 350,000 பவுண்ட் சம்பளம். அதே மாசம் சோக்ராட்டிஸ் ஒப்பந்தத்தை முடிச்சுக்கிறாங்க, அடுத்து முஸ்தாஃபியோடதும் முடியுது. ஆகஸ்ட்ல வில்லியன், மூணு வருஷ ஒப்பந்தம், ஒரே வருஷத்துல முடிஞ்சுது. 2022 ஜனவரில கொலாசினாச். பிப்ரவரில ஒபமேயாங் பார்சிலோனாவுக்கு ஃப்ரீயா போறாரு. அவரோட கேப்டன்சியை 2021 டிசம்பர்லயே எடுத்தாச்சு. இவங்கள்ல யாருக்குமே டிரான்ஸ்ஃபர் தொகைன்னு சொல்ற மாதிரி ஒண்ணும் வரல. அப்பவே ரசிகர்கள் கத்தினாங்க: "இத்தனை பேரை சும்மாவா விடுறது?" நான் சொல்றேன், அந்த ரெண்டு வருஷத்துல எடுத்த முடிவுகள்லயே துணிச்சலான முடிவு இதுதான்.

காரணம் கணக்குல இருக்கு. கொஞ்சம் பொறுமையா கேளுங்க. ஒரு பிளேயரை 100 மில்லியன் பவுண்ட் கொடுத்து அஞ்சு வருஷ ஒப்பந்தத்துல வாங்கினா, கிளப் கணக்குல அந்த 100 ஒரே வருஷத்துல செலவா விழாது. வருஷத்துக்கு 20 வீதம் விழும். மூணு வருஷம் கழிச்சு கணக்குல அவரோட மதிப்பு 40. அப்போ 50க்கு வித்தா 10 லாபம், 30க்கு வித்தா 10 நஷ்டம். 2025-26 சீசன் வரைக்கும் இருந்த பிரீமியர் லீக்கோட லாப நஷ்ட விதிப்படி மூணு வருஷத்துக்கு சேர்த்து அதிகபட்சம் 105 மில்லியன் நஷ்டம்தான் காட்ட முடிஞ்சுது. அதனால ஒரு பெரிய வாங்கல் சரியா வரலைன்னா, அது அடுத்த அஞ்சு வருஷமும் உங்க கையைக் கட்டிப்போடும்.

நிக்கோலா பெப்பேயை எடுத்துக்கோங்க. 2019ல 72 மில்லியன், அஞ்சு வருஷம். வருஷத்துக்கு 14.4 மில்லியன், அதுக்கு மேல சம்பளம். நாலு வருஷம் கழிச்சு 2023ல ஒப்பந்தத்தை முடிச்சு அனுப்பினாங்க. டிரான்ஸ்ஃபர் தொகை கிடையாது. நடுவுல ஒரு சீசன் பிரெஞ்சு கிளப் நீஸுக்கு லோன், அதாவது தற்காலிகமா. அந்த நாலு வருஷமும் வலது விங்குக்குன்னு ஒதுக்கின பணம் அங்கேயே உறைஞ்சு கிடந்துச்சு. நல்லவேளை, அதே இடத்துல சாக்கா கிளப்போட சொந்த இளைஞர் அகாடமில இருந்து வந்து நின்னாரு. இல்லைன்னா இந்தக் கதையே வேற.

அகாடமி பிளேயரை வித்தா கணக்கு தலைகீழா இருக்கும். அவரோட மதிப்பு கணக்குல பூஜ்யம், அதனால வர்றது மொத்தமும் லாபம். 2023ல பாலோகன் மொனாக்கோ போனதும், 2024ல ஸ்மித் ரோ ஃபுல்ஹாமுக்கும் என்கெட்டியா கிரிஸ்டல் பேலஸுக்கும் போனதும் இதுக்காகத்தான். ஸ்மித் ரோ போனது எனக்கு இன்னும் வலிக்குது. 2020 டிசம்பர் 26ல, லீக்ல ஏழு ஆட்டமா வெற்றியே இல்லாம 15வது இடத்துல கிடந்த டீம் செல்சியை 3-1ன்னு அடிச்சுது. அன்னைக்கு நடுவுல நின்னு அட்டாக்கை இயக்கினது அவர்தான். அந்த ஆட்டம் மட்டும் கைவிட்டுப் போயிருந்தா ஆர்ட்டெட்டா நிலைச்சிருப்பாரான்னே சந்தேகம். ஆனா கணக்குப்படி அவரை வித்தது சரி, அதையும் சொல்லித்தான் ஆகணும்.

சரி, காலியான இடத்துல யாரை வச்சாங்க? 2021 கோடைல ஆறு பேர்: வைட், ஓடெகார்ட், ராம்ஸ்டேல், டொமியாசு, லொகோங்கா, டவாரெஸ். ஆறு பேருக்குமே 23 வயசு, இல்லைன்னா அதுக்கும் கீழ. அந்த வருஷம் ஐரோப்பியப் போட்டி எதுவும் கிடையாது, கால் நூற்றாண்டுல முதல் தடவை. அது அவமானம்தான். ஆனா அதுல ஒரு லாபம் இருந்துச்சு. வாரம் ஒரே மேட்ச், மிச்ச நாளெல்லாம் பயிற்சி. புது டீமுக்கு ஷேப், அதாவது யார் எங்க நிக்கணும்னு சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. முதல் மூணு ஆட்டமும் தோல்வி, ஒரு கோல் கூட இல்ல, டேபிள்ல கடைசி இடம். போர்டு அப்பவும் அவரை மாத்தல. சீசன் முடிவுல அஞ்சாவது இடம், 69 பாயிண்ட். நாலாவது வந்த டாட்டன்ஹாம் 71. ரெண்டே பாயிண்ட்ல சாம்பியன்ஸ் லீக் போச்சு. அந்த ஆறு பேர்ல எல்லாரும் தேறல. லொகோங்கா, டவாரெஸ் ரெண்டு பேரும் நிக்கல. ஆறுல மூணு, நாலு தேறினாலே அது நல்ல விண்டோ. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, ஏன்னா எல்லாரும் நூத்துக்கு நூறு எதிர்பார்க்கிறோம்.

இப்போ ஷேப். 2022ல ஜெசுஸும் ஜின்சென்கோவும் மான்செஸ்டர் சிட்டில இருந்து வந்தாங்க. மூணு வருஷம் லோன்ல சுத்தின சலிபா திரும்பி வந்தாரு. பேப்பர்ல 4-3-3, அதாவது பின்னாடி நாலு, நடுவுல மூணு, முன்னாடி மூணு. பந்து நம்ம கால்ல இருக்கும்போது 3-2-5. லெஃப்ட் பேக் ஜின்சென்கோ உள்ள வந்து பார்ட்டே பக்கத்துல நிப்பாரு. பின்னாடி வைட், சலிபா, கேப்ரியல் மூணு பேர். அந்த நகர்வால ஜாக்காவுக்கு விடுதலை கிடைச்சு, இடது பக்கம் பெனால்டி பாக்ஸ் வரைக்கும் ஏறிப் போனாரு. அந்த சீசன் லீக்ல ஏழு கோல். பல வருஷம் நம்ம எல்லார்கிட்டயும் திட்டு வாங்கின அதே ஜாக்கா!

ஆனா இதுக்கு ஒரு விலை இருக்கு. பந்தை இழந்த நொடில இடது பக்க மூலை காலி. எதிரணி ரைட் விங்கர் அங்க ஓடுவாரு. கேப்ரியல் அவரைத் துரத்தி வெளிய போகணும். அப்போ நடுவுல சலிபா கிட்டத்தட்ட தனியா நிக்கணும். அவருக்கு வேகம் இருக்கு, பதட்டம் கிடையாது, அதனால சமாளிச்சாரு. 2023 மார்ச் 16, ஸ்போர்ட்டிங் லிஸ்பனோட ஆட்டம். சலிபா, டொமியாசு ரெண்டு பேருக்கும் ஒரே ஆட்டத்துல காயம். உள்ள வந்தவர் ஹோல்டிங். அவர் மேல கோபப்பட எதுவும் இல்ல, அவரோட வேகத்துக்கு அவர் அஞ்சு கஜம் பின்னாடி நின்னாகணும். டிஃபென்ஸ் லைன் அஞ்சு கஜம் இறங்கினா மிட்ஃபீல்டுக்கும் டிஃபென்ஸுக்கும் நடுவுல இடைவெளி. அந்த இடைவெளில எதிரணி திரும்பி ஆடுது. அப்புறம் முன்னாடி மூணு பேர் பந்தைப் பிடுங்க எவ்வளவு பிரஸ் பண்ணினாலும் வீண். லிவர்பூல்கிட்ட 2-0ல இருந்து 2-2. வெஸ்ட் ஹாம்கிட்டயும் 2-0ல இருந்து 2-2. கடைசி இடத்துல இருந்த சௌத்தாம்ப்டன்கிட்ட, நம்ம சொந்த மைதானத்துல 3-3. அப்புறம் சிட்டிகிட்ட 4-1. "மன உறுதி இல்ல"ன்னு டிவில பேசினாங்க. எனக்கு அதுல உடன்பாடே இல்ல. அது ஒரு சென்டர் பேக் இல்லாத பிரச்சனை, அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் வந்த வாங்கல்கள்ல அந்தப் பாடம் தெரியுது. 2023ல ரைஸ், 100 மில்லியனும் மேல 5ம். டிம்பர். கோல்ல ராயா. லெஃப்ட் பேக் உள்ள வர்ற வேலையைக் குறைச்சு, பின்னாடி நாலு பேருமே சென்டர் பேக் மாதிரி ஆடக்கூடியவங்களா வச்சாங்க. 2023-24ல வாங்கின கோல் 29 மட்டும், அடிச்சது 91, பாயிண்ட் 89. சிட்டி 91. அப்பவும் ரெண்டாவதுதான்.

இங்க கார்னரைப் பத்தி பேசாம போக முடியாது. கார்னர், ஃப்ரீ கிக் மாதிரி செட் பீஸுக்கான கோச் நிக்கோலா ஜோவர் 2021ல சிட்டில இருந்து வந்தாரு. அடுத்த தடவை ஆர்சனல் கார்னர் எடுக்கும்போது பந்தைப் பார்க்காதீங்க, ஆட்களைப் பாருங்க. வலது மூலைல சாக்கா இடது காலால, இடது மூலைல ரைஸ் வலது காலால. ரெண்டுமே கோலைப் பார்த்து உள்ள வளையுற பந்து. தலையால அடிக்கப் போறவங்க தூர போஸ்டுக்கு வெளிப்பக்கம் கூட்டமா நிப்பாங்க. கோல்கீப்பர் பக்கத்துல பெரும்பாலும் வைட் மட்டும், கீப்பர் வெளிய வர்ற வழியை அடைச்சுக்கிட்டு. கிக் அடிக்கிறவர் ஓட ஆரம்பிச்சதும் அந்தக் கூட்டம் மொத்தமா ஆறு கஜ பாக்ஸுக்குள்ள பாயும். எதிரணி ஆட்கள் அவங்கவங்க இடத்துல நின்ன வாக்குல குதிக்கணும். கேப்ரியல் ஓடி வந்த வேகத்துல குதிக்கிறாரு. அதுலயே ஒரு தலை உயரம் கூடிடும். கூட ஓடுற ஒருத்தர், கேப்ரியலைப் பிடிக்க வர்றவர் பாதைல குறுக்க வந்துடுவாரு. இது எப்போ தோத்துப்போகும்? பந்து முதல் ஆளைத் தாண்டலைன்னா எல்லாமே வீண். கோல்கீப்பரைத் தொட்டதா ரெஃப்ரி நினைச்சா ஃபவுல். அதனாலதான் அடிக்கிறவரோட துல்லியம் இதுல பாதி வேலை.

ஆனா கார்னரை நம்பியே லீக் ஜெயிக்க முடியாது. 2024-25 அதைக் காட்டிச்சு. முதல் எட்டு ஆட்டத்துல ரைஸ், ட்ரொசார்ட், சலிபா மூணு பேருக்கு சிவப்பு அட்டை, அந்த மூணு ஆட்டத்துல மட்டும் ஏழு பாயிண்ட் போச்சு. ஓடெகார்டுக்கு கணுக்கால். டிசம்பர்ல சாக்காவுக்கு தொடைத் தசை. ஜனவரில ஜெசுஸுக்கு முழங்கால் லிகமெண்ட். அந்த மாசம் விண்டோ திறந்திருந்துச்சு, ஒரு ஃபார்வர்டு கூட வாங்கல. பிப்ரவரில ஸ்ட்ரைக்கர் ஹாவெர்ட்ஸும் காயத்துல வெளிய போயிட்டாரு. மிட்ஃபீல்டர் மெரினோவை ஸ்ட்ரைக்கரா நிறுத்தி, லெஸ்டர்ல அவர் கடைசி பத்து நிமிஷத்துல ரெண்டு கோல் அடிச்சு காப்பாத்தினாரு. சீசன் முடிவுல லீக்ல அதிக கோல் அடிச்ச நம்ம ஆள் ஹாவெர்ட்ஸ், ஒன்பது. தோல்வி நாலுதான், ஆனா டிரா 14. அடிச்சது 69. முந்தின சீசனை விட 22 கோல் கம்மி. தப்பான ஆளை அவசரத்துல வாங்கக்கூடாதுங்கிற கொள்கை எனக்குப் புரியுது, பெப்பேவே சாட்சி. ஆனா ஆறு மாச லோனுக்கு ஒரு ஆளைக் கூட எடுக்காதது தப்பு. அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல.

ஸ்போர்ட்டிங் டைரக்டரா பெர்ட்டா வந்த பிறகு, 2025 கோடைல வாங்கினதைப் பாருங்க: யோகெரெஸ், சுபிமெண்டி, எஸே, மடுவேக்கே, மோஸ்கெரா, நோர்கார்ட், கெப்பா, லோன்ல ஹின்கபியே. சாக்காவுக்கு மாற்று, சலிபாவுக்கு மாற்று, ராயாவுக்கு மாற்று. 2023 மார்ச்சும் 2025 ஜனவரியும் திரும்ப வரக்கூடாதுன்னு போட்ட பட்டியல் இது.

யோகெரெஸ் ஸ்போர்ட்டிங்ல ஒரே சீசன்ல லீக்ல 39 கோல் அடிச்சவர். ஹாவெர்ட்ஸ் கீழ இறங்கி வந்து பந்தைத் தொடுவாரு. இவர் டிஃபென்டருக்கும் டச்லைனுக்கும் நடுவுல ஓடுவாரு. அவர் ஓடும்போது பாஸ் வரணும், ரெண்டு செகண்ட் கழிச்சு வந்தா பிரயோஜனம் இல்ல. ஆர்சனல் பழகினது நிதானமா பந்தைச் சுத்தி, எதிரணியைப் பெட்டிக்குள்ள தள்ளி, அப்புறம் வலது பக்கம் சாக்கா, ஓடெகார்ட், வைட் முக்கோணத்துல திறக்கிறது. எதிரணி பெட்டிக்குள்ள போயிட்டா யோகெரெஸ் ஓட இடமே கிடையாது. அதனால நான் முதல்ல கவனிக்கிறது அவர் அடிக்கிற கோலை இல்ல; பந்து கைப்பத்தின முதல் மூணு செகண்ட்ல சுபிமெண்டியும் ரைஸும் முன்னாடி பார்க்கிறாங்களா, பக்கவாட்டுல கொடுக்கிறாங்களாங்கிறதுதான். நீங்களும் அடுத்த மேட்ச்ல அதைக் குறிச்சு வச்சுக்கிட்டு கீழ எழுதுங்க. இடது பக்கத்துல மார்ட்டினெல்லியா, எஸேவா, ட்ரொசார்டாங்கிற சண்டையை அடுத்த வீடியோல தனியா வச்சுக்கலாம்.